தஞ்சோங் கிளிங் வீட்டு வாசல் தோரணம்

தம்பி,

முதலில் அந்த அலங்காரக்காரருக்குப் போன் போட்டு, வளைகாப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து மீதியைப் படி. வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பினால், நீ காரை ஓட்டிக்கொண்டே பாதியைக் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பி வைக்கிறாய். போனில் பேசினாலோ நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ என்னைக் குறுக்கே வெட்ட முடியாது. அதனால் பசியாறி முடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெம்பான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டிய மட்டும் எழுதத்தான் போகிறேன்.

நேற்று நீ என்ன சொன்னாய்? "நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்மா. பால் காய்ச்சின அன்னைக்கு ஆனதே போதும். இந்தத் தடவ ஆள் வச்சிருக்கேன், அவங்களே வந்து எல்லாத்தையும் செஞ்சிருவாங்கலா." எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அதை எதற்கு மறைக்க? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்தவர்தானே. ஆனால் நீ என்னைக் குறை சொன்னதற்காக இதை எழுதவில்லை. பால் காய்ச்சிய அன்று வாசலில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுல யாரும் எதையும் கட்ட வேணாம், ஒட்ட வேணாம்" என்று ஒரு சட்டம் போட்டுவிட்டாய். அந்தச் சட்டம் என்னை ஒன்றும் செய்யாது, எனக்கு என் வீடு இருக்கிறது. உன் பெண்டாட்டி மே லிங்குக்குத்தான் அது விழுந்த அடி. வாயும் வயிறுமாக இருக்கிற பெண், தன் வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் அங்கே வீட்டுக்காரியா, விருந்தாளியா? பிள்ளை பிறப்பதற்கு முன்னால் இதை நீ முடிவு பண்ண வேண்டும்.

நீ வளர்ந்த வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டைக் காலி பண்ணிவிட்டு இந்த மலிவு வீட்டுக்கு வந்தபோது, இங்கே பூசாத சிமெண்டுச் சுவரும் ஒரு குண்டு பல்பும்தான் இருந்தன. உன் அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். நான் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். அங்கே பெட்டிக்குள் வருகிற வெள்ளை நுரைப்பலகையைக் குப்பையில் கொட்டுவார்கள். நான் சூப்பர்வைசரிடம் கேட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவேன். பஸ்ஸில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! சூடு பண்ணின கத்தியால் அதை வெட்டி, மயிலும் தாமரையுமாகச் செதுக்கி, உன் அப்பா கொண்டுவந்த மிச்சச் சாயத்தைப் பூசி மாட்டினேன். அடுத்த தீபாவளிக்குச் சிரித்தவர்களே வீடு தேடி வந்து, "எங்களுக்கும் ஒண்ணு வெட்டிக் குடுங்கக்கா" என்றார்கள். பழைய லோரி டயரில் செம்பருத்தி, கிழிந்த சேலைக் கரையில் ஜன்னல் திரை, முட்டை அட்டையைக் கிண்ணம் கிண்ணமாக வெட்டிச் சாயம் தோய்த்துக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டிய பூ. நீ எதிரே நின்று தலை சீவிய கண்ணாடிதான் அது. இன்னும் கூடத்தில் தொங்குகிறது, ஓர் இதழ்கூட உதிரவில்லை.

எல்லாமே நன்றாக வந்ததா என்றால் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையும் உண்டு. ஒரு வருஷம் பழைய காலண்டர் தாள்களை நீளமாக வெட்டி, ஈர்க்குச்சியில் சுருட்டிச் சுருட்டி மணியாக்கி, ராஃபியா கயிற்றில் கோத்து வாசலுக்குத் திரை போட்டேன். கடைப் பசை தீர்ந்துவிட்டது. நான் பெரிய கெட்டிக்காரி இல்லையா, கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டினேன். பூச்சி அண்டாமல் இருக்க அதில் துளி மயில் துத்தம் போடவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? தீபாவளிக்கு முதல்நாள் பார்த்தால், மணியெல்லாம் பிரிந்து தாள் தாளாகத் தொங்குகிறது, அத்தனை கரப்பானும் அதில்தான் குடியிருக்கிறது. உன் அப்பா வாசலில் நின்று, "பரவால்ல, நமக்கு முன்னாடி அதுங்க தீபாவளி கொண்டாடிருச்சு" என்றார். நான் துடைப்பத்தை எடுத்தேன், கரப்பானுக்கா உன் அப்பாவுக்கா என்று எனக்கே தெரியவில்லை. நீ கட்டிலில் ஏறி நின்று குதித்துக் குதித்துச் சிரித்தாய். அன்றைக்கு யாரும் என்னிடம், இனிமேல் எதையும் ஒட்டாதே என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் அதே திரையைப் போட்டேன், கடைப் பசையில். உனக்குக் கல்யாணம் ஆகும்வரை அது கிடந்தது.

பால் டின் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? அதை எப்படி மறப்பாய், உன் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறதே. வெறும் டின்னில் ஆணி அடித்தால் டின் நசுங்கிப் போகும். அதில் தண்ணீரை ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, கட்டியானதும் எடுத்துத் துணியில் வைத்து அடித்தால் ஓட்டை அழகாக விழும். உள்ளே ஒரு சின்ன அகல் வைத்தால் சுவரெல்லாம் நட்சத்திரம். நீ ஆணியை விட்டுவிட்டு விரலில் அடித்துக்கொண்டாய். அழுதுகொண்டே, "இன்னொரு டின் குடுங்கம்மா" என்றாய். கோலாலம்பூருக்குப் படிக்கப் போனபோது அதில் ஒன்றைத் துணிக்குள் சுருட்டி எடுத்துப் போனாய். எதற்குடா என்றதற்கு, "பேனா வைக்கலா" என்றாய். ஓட்டை டின்னில் பேனாவாம்! தூரத்தில் அறை எடுத்துத் தங்குகிற பிள்ளைக்குத் தன் கை பட்ட ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது, அவ்வளவுதானே. இந்த வயசில் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி இதுதான். வீட்டில் மாட்டுகிற பொருள் அழகாக இருந்தால் மட்டும் போதாது. வருகிறவர் "இது யார் செஞ்சது?" என்று கேட்டால், சொல்வதற்கு வீட்டில் ஒரு பெயர் இருக்கவேண்டும். நீ பேசி வைத்திருக்கிற ஆள் கொண்டுவருகிற பிளாஸ்டிக் பூவுக்கு யார் பெயரைச் சொல்வாய்? சாயந்திரமே அதையெல்லாம் பிடுங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு, அடுத்த வீட்டு வளைகாப்புக்குப் போய்விடுவார்கள்.

இப்போது மே லிங்குக்கு வருகிறேன். அவளை நீ கட்டிக்கொண்டபோது, சீனப் பெண் நம் வீட்டோடு எப்படி ஒட்டுவாள் என்று பலரும் முனகினார்கள். ஒட்டுகிற வேலையில் அவள் எனக்கே பெரியம்மா என்று அவர்களுக்கு என்ன தெரியும்? சீனப் பெருநாள் முடிந்ததும், பணம் வைத்துக் கொடுக்கிற அங்பாவ் உறைகள் காலியானால் அவற்றை நாம் குப்பையில் போடுவோம். அவள் அதையெல்லாம் அடுக்கி, மூலையை மடித்து, ஸ்டேப்ளர் போட்டு உருண்டை உருண்டையாகச் சிவப்பு விளக்கு செய்து மாட்டினாள். "அம்மா, தீபாவளி அங்பாவும் போலேலா, அதுலயும் செய்யலாம், ஊதா கலர், பச்சை கலர். தூக்கிப் போடாதீங்க, சாயாங், வீணாப் போயிரும்" என்றாள். அதற்குப் பிறகு நான் ஓர் உறையையும் வீணாக்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்து நானும் செய்தேன். முதல் உருண்டை பூசணிக்காய் மாதிரி ஒரு பக்கம் சப்பையாக வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பூனை ஓடிப்போனது. எனக்கு ஒரு மகள் இல்லையே என்ற குறை அன்று மத்தியானத்தோடு தீர்ந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

பால் காய்ச்சிய நாளுக்கு வருவோம். நீ பூசாரியையும் உன் அத்தையையும் கூட்டிவர ஜாசினுக்குப் போய்விட்டாய். தஞ்சோங் கிளிங்கில் உங்கள் புது வீட்டில் நானும் மே லிங்கும் மட்டும். நான் பின்னால் பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஏணி இழுக்கும் சத்தம் கேட்டது. திரை மாட்டுகிறாள் போல என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அம்மா, வாங்க, பாருங்க. சர்ப்ரைஸ்." கண்ணை மூடச் சொல்லி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணைத் திறந்தேன். கேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குருத்தோலைத் தோரணம். அவளே ஓலை வாங்கி, அவளே மடித்து, அவளே கட்டியிருக்கிறாள். மடிப்பு ஒவ்வொன்றும் அப்படி ஒரு சுத்தம், நான்கூட அவ்வளவு ஒழுங்காக மடித்ததில்லை. ஆனால் ஓலையில் மடித்த குருவிகள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின.

உனக்கும் தெரியும், நல்ல காரியத்துக்கு மடிக்கிற ஓலைக்குருவி தலை நிமிர்ந்து இருக்கவேண்டும். துக்க வீட்டுக்குத்தான் தலை கவிழ்ந்து தொங்கும். அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கையெல்லாம் ஓலைக் கீறல், நெற்றியெல்லாம் வேர்வை. "சாந்தேக் தாக், அம்மா? நல்லா இருக்கா?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் கார் முனையில் திரும்பிவிட்டது. உன் அத்தை இறங்கினார். அவருக்குக் கீழே பார்க்கத் தெரியாது என்பதுதான் உனக்குத் தெரியுமே, நேராக மேலேதான் பார்த்தார். "ஐயையோ, என்னடி இது! பால் காய்ச்சுற வீடா, எழவு வீடா? யாரு கட்டுனது?" தெருவில் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். மே லிங்குக்குப் பாதித் தமிழ் புரியும், குரல் முழுசாகப் புரியும். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்து, "நான்தான் அண்ணி. காலங்காத்தால கண்ணு சரியாத் தெரியல, மடிப்பு மாறிப்போச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னதற்காக இன்றுவரை வருத்தமும் இல்லை. அன்றைக்கு அவள் பெயரைச் சொல்லியிருந்தால், அந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், குழாய் உடைந்தாலும், அந்தச் சீனத்தி கட்டின தோரணம் என்றுதான் பேச்சு வரும். என் பெயருக்கு என்ன ஆகும்? கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்பார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதான் ஆனது. ஜாசின் முழுக்க உன் அத்தை தந்தி அடித்தார். கோயில் திருவிழாவுக்கு எப்போதும் என்னைத்தான் தோரணம் கட்டக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை, "நீங்க உக்காந்து பூ தொடுங்கக்கா" என்று மரியாதையாக ஓரம்கட்டினார்கள். பூவையும் நன்றாகத்தான் தொடுத்தேன். எனக்குச் சுட்டது நீ சொன்னதுதான். "இத்தன வருஷமா கட்டுறீங்க, இதுகூடத் தெரியாதாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, அந்தத் தோரணத்தை இழுத்து அறுத்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாய். நீ என்னைத்தான் திட்டுகிறோம் என்று நினைத்தாய். பக்கத்தில் நின்றவள் ஒவ்வொரு ஓலையாக அறுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் பொங்குகிற நேரத்தில் அடுக்களையில் அவள் என்னிடம் கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன், நிமிர்ந்த குருவி எது, கவிழ்ந்த குருவி எது என்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதை எங்கே பார்த்துக் கற்றாய், யூடியூபிலா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படி. "அப்பா போன அன்னைக்கு, அம்மா. எனக்கு அங்க யாரையும் தெரியாது. எல்லாரும் அழுதாங்க. எங்க நிக்கணும், எங்க பார்க்கணும், தெரியல. கேட் கிட்ட நின்னேன், காலைல இருந்து அப்பாவைக் கொண்டு போற வரைக்கும். அங்க தொங்கின தோரணத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எப்படி மடிச்சிருக்காங்கன்னு மனசுல மடிச்சு மடிச்சுப் பார்த்தேன். ரொம்ப அழகு. அப்பாவுக்காகக் கட்டினது இல்லையா? இங்கயும் கட்டினா, அப்பா புது வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

தம்பி, அன்றைக்கு அவள் நம் வாசலில் நின்றது எனக்கு ஞாபகம்கூட இல்லை. நீ கொள்ளிச்சட்டியோடு இருந்தாய், நான் இந்த உலகத்திலேயே இல்லை. ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லவும் நம்மில் ஆளில்லை. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் அன்று முழுக்க வெயிலில் நின்று, நம் வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே பொருளைக் கண்ணால் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வருஷக்கணக்கில் மனசில் வைத்திருந்து, தன் புது வீட்டு வாசலில் உன் அப்பாவுக்காகக் கட்டியிருக்கிறாள். மடிப்புத்தான் தப்பு. நினைப்பு எவ்வளவு சரி என்று பார்த்தாயா? அவளே உன்னிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். பிள்ளை உண்டாகியிருக்கிறது, இப்போது வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன், சுவரெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை. அங்பாவ் விளக்கு, சேலைக் கரையில் தைத்த தலையணை உறை, சிப்பி ஒட்டிய கண்ணாடி எல்லாம் பெட்டியில், பெட்டி கட்டிலுக்கு அடியில். "அவருக்குப் பிடிக்காதும்மா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நான் எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினாள்.

ஆகவே இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். வளைகாப்புக்கு வேண்டியது எல்லாம் தயார். நீ வேலைக்குப் போகிற நாட்களில் அவள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள், உனக்குத் தெரியாது. உடைந்த கண்ணாடி வளையல்களை வளையம் வளையமாகக் கோத்து, காற்று வந்தால் கிணுகிணுக்கிற மாதிரி ஒரு தொங்கல் செய்திருக்கிறாள். நாற்காலிக்குப் பின்னால் என் கல்யாணச் சேலை, அதன்மேல் முட்டை அட்டைப் பூ. பால் டின் விளக்கு மட்டும் பாக்கி. ஆணியும் சுத்தியலும் அலமாரியில் இருக்கின்றன, ஐஸ் பெட்டியில் டின்னை வைத்திருக்கிறேன். வந்து அடி, விரலைப் பார்த்துக்கொள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியை இன்றைக்கே நீ வெளியே எடு, அவளை எடுக்கச் சொல்லாதே, குனியக்கூடாது. எதை எங்கே மாட்டலாம் என்று அவளிடம் கேள். அவள் காட்டுகிற இடத்தில் ஆணி அடி.

வாசல் தோரணம் அவள்தான் மடிப்பாள். நான் ஓலையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குருவி இப்போது தலை நிமிர்ந்து நிற்கிறது, ஒத்திகை பார்த்தாகிவிட்டது. ஆனால் மாசமாக இருப்பவள் ஏணியில் ஏறக்கூடாது. அதனால் நீ ஏறு. அவள் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது பக்கம், வலது பக்கம், இன்னும் மேலே என்று சொல்லுவாள். எதிர்த்துப் பேசாமல் சொன்னபடி கட்டு. ஜாசினிலிருந்து உன் அத்தை வருவார். காரைவிட்டு இறங்கியதும் மேலேதான் பார்ப்பார். "யாரு கட்டுனது?" என்று கேட்பார். நான் ஒருமுறை பதில் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி நீ சொல்.

அம்மா